மாஸ்டடான்: பல பத்தி முகப்பை எப்படி அமைப்பது, எங்கே சறுக்கும்?

பதிவு 1 | வெட்டிவேர்

பல சர்வர்கள் இணைந்து இயங்கும் சமூக வலைத்தளமான மாஸ்டடானில் புதிதாகக் கணக்கு தொடங்குகிறவர்கள் இரண்டு கேள்வி தவறாமல் கேட்கிறார்கள். "உள்ளே போனா ஒண்ணுமே இல்லையே?" என்பது ஒன்று. "பழைய ட்வீட்டெக் மாதிரி முகப்பு இருக்குன்னாங்களே, எங்கே?" என்பது மற்றொன்று. (ட்வீட்டெக் என்றால் ட்விட்டரை அடுத்தடுத்த பத்திகளாகக் காட்டிய கருவி.) இரண்டும் ஒரே முடிச்சு என்பதால் ஒரே இழையில் பேசிவிடலாம்.

2016 அக்டோபரில் ஜெர்மனியின் ஆய்கன் ரோச்கோ மாஸ்டடானை வெளியிட்டபோது பல பத்தி முகப்புதான் எல்லோருக்கும். 2019 ஜூனில் வந்த 2.9 பதிப்பு, புதியவர்கள் மிரளாமல் இருக்க ஒற்றைப் பத்தியை இயல்பாக்கியது. பழைய முகப்பைத் தூக்கவில்லை, அமைப்புகளுக்குள் நகர்த்தி வைத்தார்கள். (திரையில் செங்குத்தாக நிற்கும் ஒவ்வொரு பட்டையையும் ஆங்கிலத்தில் இருக்கிறபடி "காலம்" என்று எழுதினால் நேரம் என்று குழம்புகிறது. இந்த இழையில் பத்தி என்றே வைத்துக்கொள்வோம்.)

கணினி உலாவியில் நுழைந்து "பிரிஃபரன்சஸ்", அதற்குள் "அப்பியரன்ஸ்" போங்கள். "எனேபிள் அட்வான்ஸ்டு வெப் இன்டர்ஃபேஸ்" என்பதை டிக் செய்து "சேவ் சேஞ்சஸ்" அழுத்துங்கள். சேமிக்காமல் பின்னால் வந்துவிட்டு மாறவில்லையே என்று தேட வேண்டாம்.

இப்போது இடது ஓரத்தில் தேடல் பெட்டியும் எழுதும் பெட்டியும் இருக்கும். அதற்கு அடுத்து ஹோம், நோட்டிஃபிகேஷன்ஸ், கடைசியில் "கெட்டிங் ஸ்டார்ட்டட்" என்ற பத்தி. லோக்கல் டைம்லைன் (உங்கள் சர்வர்க்காரர்களின் பதிவு ஓடை) வேண்டுமென்றால் கடைசிப் பத்தியிலிருந்து அதைத் திறந்து, தலைப்பின் வலது மூலையில் கோடும் புள்ளியுமாக இருக்கும் அமைப்பு ஐகானைத் தட்டி "பின்" கொடுங்கள். நிலையாக ஒட்டிக்கொள்ளும். பின் செய்த பத்தியில் அதே ஐகானைத் தட்டினால் இடம், வலம் நகர்த்த அம்புக்குறியும் "அன்பின்" பொத்தானும் வரும்.

ஒரு பத்தி ஏறத்தாழ 350 பிக்சல் அகலம், இடது ஓரம் 300. ஆகவே 1366 அகல மடிக்கணினியில் மூன்று பத்திதான் முழுசாகத் தெரியும், 1920 திரையில் நான்கு. மிச்சத்துக்குப் பக்கவாட்டில் உருட்ட வேண்டும். பத்து பத்தி பின் செய்துவிட்டு உருட்டிக்கொண்டே இருப்பதில் லாபமில்லை.

பதிவு 2 | கடலை_மிட்டாய்

அண்ணா, சொன்னபடி செய்தாயிற்று. இரண்டு சந்தேகம். எதைத் தட்டினாலும் கடைசிப் பத்தி மாறிவிடுகிறது, லோக்கல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒருவரின் புரொஃபைல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்னொன்று, போனில் பழைய ஒற்றைப் பத்தியே வருகிறது.

பதிவு 3 | வெட்டிவேர்

கடைசிப் பத்தி வேலை மேசை மாதிரி. தட்டுகிற பதிவு, புரொஃபைல், தேடல் முடிவு எல்லாம் அங்கேதான் திறக்கும். அதில் வைத்து லோக்கல் பார்த்தால் அப்படித்தான் பறிபோகும். பின் செய்யுங்கள், அதன் பிறகு அந்தப் பத்தியை யாரும் தொட மாட்டார்கள். கடைசிப் பத்தியில் ஒரு படி பின்னால் போக பேக்ஸ்பேஸ் விசை போதும்.

போன் திரை குறுகலானது, ஆகவே அமைப்பில் டிக் இருந்தாலும் அங்கே ஒற்றைப் பத்திதான். பின் செய்த வரிசை உங்கள் கணக்கோடு சர்வரில் சேமிக்கப்படுகிறது, இன்னொரு கணினியில் நுழைந்தாலும் அதே அடுக்கு வரும்.

பதிவு 4 | மொட்டைமாடி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். புதியவர்களை முதல் நாளே இதற்குள் இழுத்துவிடுவது சரியில்லை என்பது என் கட்சி. யாரையும் பின்தொடராத ஒருவர் பல பத்தி முகப்பைத் திறந்தால் ஹோம் காலி, நோட்டிஃபிகேஷன் காலி. பக்கத்தில், வெளிச் சர்வர்ப் பதிவுகளும் வரும் ஃபெடரேட்டட் பத்தியை வைத்தால் அது மட்டும் அருவி மாதிரி கொட்டும், ஜப்பானியம், ஜெர்மன், பூனைப் படம், தானியங்கிக் கணக்கு (பாட்) போடும் வானிலை என்று. பத்து நிமிஷத்தில் ஓடிவிடுவார்கள். முதலில் ஒற்றைப் பத்தியில் முப்பது நாற்பது பேரைப் பின்தொடரட்டும், அப்புறம் மாறட்டும்.

பல பத்தியில்தான் இருப்பேன் என்பவர்கள் அதே "அப்பியரன்ஸ்" பக்கத்தில் "ஸ்லோ மோடு" என்று ஒன்று இருப்பதைப் பாருங்கள். போட்டால் புதுப் பதிவுகள் தானாக வந்து தள்ளாது, தட்டினால்தான் விரியும். பாதி படிக்கும்போது வரி நழுவிப்போகும் எரிச்சல் தீர்ந்துவிடும்.

பதிவு 5 | இரவுப்பறவை

மொட்டைமாடி சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலியாக இருப்பதற்குக் காரணம் முகப்பு அல்ல. சர்வர் வேலை செய்யும் விதமே அப்படி. அதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கிற இடம் இந்தப் பத்திகள்தான், அதனாலேயே எனக்குப் பல பத்தி பிடிக்கும்.

மூன்று டைம்லைனும் மூன்று வட்டம். ஹோம் என்றால் நீங்கள் பின்தொடர்கிறவர்கள், நீங்கள் பின்தொடரும் ஹேஷ்டேக்குகள். லோக்கல் என்றால் உங்கள் சர்வரில் கணக்கு வைத்திருப்பவர்களின் பொதுப் பதிவு. ஃபெடரேட்டட் என்றால் உலகத்துப் பதிவு எல்லாம் என்று நினைக்கிறார்கள், இல்லை. உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்த பொதுப் பதிவுகள் மட்டும்தான்.

எப்படி வந்து சேரும்? உங்கள் சர்வரில் யாராவது ஒருவர் வெளிச் சர்வர்க்காரரைப் பின்தொடர்ந்தால், அந்த நிமிஷத்திலிருந்து அவர் எழுதுவதை அவருடைய சர்வர் உங்கள் சர்வருக்கு அனுப்பத் தொடங்கும். உங்கள் சர்வர்க்காரர் பின்தொடரும் ஒருவர் இன்னொருவருடைய பதிவை பூஸ்ட் (மறுபகிர்வு) செய்தால் அதுவும் வரும். ரிலே (சர்வர்களுக்கிடையே பொதுப் பதிவுகளைக் கடத்தும் சேவை) சேர்த்த சர்வர் என்றால் அந்த வழியாகவும் கொஞ்சம். அவ்வளவுதான். இருபது பேர் உள்ள சர்வரில் ஃபெடரேட்டட் பத்தி தூங்கி வழியும், லட்சக்கணக்கான பேர் உள்ள மாஸ்டடான்.சோஷியல் மாதிரி இடத்தில் கண்ணைப் பறிக்கும். மென்பொருள் ஒன்றுதான்.

இதிலிருந்தே மற்ற குழப்பங்களுக்கும் விடை. உங்கள் சர்வரில் இதுவரை ஒருவரும் பின்தொடராத வெளி ஆளின் புரொஃபைலைத் திறந்தால் "பதிவு இல்லை" என்பது போலக் காட்டும். அவர் ஐந்து வருஷமாக எழுதிக்கொண்டிருப்பார். பழையதைப் பார்க்க, அசல் புரொஃபைலுக்குப் போகும் இணைப்பைத் தட்டி அவர் வீட்டிலேயே படியுங்கள். ஃபேவரிட், பூஸ்ட் எண்ணிக்கையும் அப்படித்தான், அங்கே 80 இருக்கும்போது இங்கே 6 என்று காட்டலாம். பதில்கள் விட்டுப்போவதும் இதே காரணம். 4.5 பதிப்பில் விடுபட்ட பதில்களைத் தேடி எடுத்துவருகிறது, அதனால் புதுப்பித்த சர்வர்களில் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

ஃபேவரிட் போட்டால் பதிவு யாருக்கும் பரவாது, எழுதியவருக்கு ஒரு தலையசைப்பு மட்டும். நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் பூஸ்ட்தான் வழி. ஹோமை நிரப்புவது அல்காரிதம் அல்ல, உங்களுக்கு முன்னால் இருப்பவர்களின் பூஸ்ட்.

பதிவு 6 | கடலை_மிட்டாய்

நன்றி இரவுப்பறவை. அப்படியானால் தெரிந்த ஒருவர் வேறு சர்வரில் இருக்கிறார், பெயரைத் தேடினால் வரவில்லை. அவருடைய பக்கத்துக்கே போய் "ஃபாலோ" அழுத்தினால் மறுபடி உள்நுழையச் சொல்கிறது.

பதிவு 7 | இரவுப்பறவை

அவர் பக்கம் அவருடைய சர்வரில் இருக்கிறது, அங்கே உங்களுக்குக் கணக்கு இல்லை. வங்கிக் கிளை மாதிரி நினைத்துவிட வேண்டாம், ஒரு வங்கியின் பாஸ்புக் இன்னொரு வங்கியில் செல்லாது.

அவருடைய முழு முகவரியை நகலெடுங்கள். அட் குறி, பெயர், மறுபடி அட் குறி, சர்வர் பெயர் என நான்கு துண்டும் வேண்டும். உங்கள் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்டி என்டர். இரண்டு மூன்று நொடி பொறுங்கள், உங்கள் சர்வர் போய்க் கேட்டுவிட்டு வரும். புரொஃபைல் வந்ததும் அங்கே "ஃபாலோ". ஒரு குறிப்பிட்ட பதிவுக்குப் பதில் எழுத வேண்டும் என்றால் அந்தப் பதிவின் இணைய முகவரியை அப்படியே தேடலில் ஒட்டலாம், அதுவும் உங்கள் பக்கம் திறக்கும். உள்நுழையாமல் தேடினால் வெளிச் சர்வரில் போய்க் கேட்காது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறும் பெயரைத் தேடினால் உங்கள் சர்வர் ஏற்கெனவே அறிந்த ஆட்கள்தான் வருவார்கள். பதிவுக்குள் இருக்கும் சொல்லைத் தேடுவது 4.2 பதிப்பில் வந்தது, அதுவும் எழுதியவர் "தேடலாம்" என்று அனுமதித்திருந்தால்தான். சர்வர் நடத்துபவர் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளை நிறுவியிருக்க வேண்டும். சின்ன சர்வர்களில் அதைப் போட நினைவகம் போதாது, ஆகவே அங்கே ஹேஷ்டேக்தான் ஒரே கைப்பிடி.

பதிவு 8 | பனங்கிழங்கு

ஹேஷ்டேக் எண்ட உடனே எங்கட ஆக்கள் செய்யிற பிழையைச் சொல்லோணும். "இண்டைக்கு #சென்னையில் மழை" எண்டு எழுதினால் அந்த ஹேஷ்டேக் "சென்னையில்". "சென்னை" எண்ட பத்தியை பின் செய்து வைச்சிருக்கிற ஆளுக்கு அது வராது. வேற்றுமை உருபு ஒட்டினால் வேற சொல், வழங்கிக்கு (சர்வருக்கு) இலக்கணம் தெரியாது. வசனத்தை வசனமா எழுதிப்போட்டு, ஹேஷ்டேக்கைக் கடைசி வரியில தனியப் போடுங்கோ. கடைசி வரியில இருக்கிறதை அது பதிவுக்குக் கீழ தனி வரிசையாக் காட்டும், வாசிக்கவும் இடைஞ்சல் இல்லை. தமிழில ஒண்டு, ஆங்கிலத்தில ஒண்டு போட்டால் இரண்டு பக்கமும் ஆக்கள் பிடிப்பினம்.

அடுத்தது மொழி. எழுதும் பெட்டிக்குக் கீழ மொழித் தேர்வு இருக்கு. அது ஆங்கிலத்திலயே நிண்டால், தமிழ் மட்டும் பாக்கிறதெண்டு வடிகட்டி வைச்ச ஆளின்ர லோக்கலிலயும் ஃபெடரேட்டட்டிலயும் உங்கட பதிவு தெரியாது. திரைவாசிப்பானும் (திரையில இருக்கிறதைச் சத்தமா வாசிக்கிற மென்பொருள்) தமிழை ஆங்கிலமா வாசிக்கப் பாக்கும். அமைப்பில இயல்பு மொழியைத் தமிழாக்கி வைச்சால் ஒவ்வொரு முறையும் மாத்தத் தேவையில்லை. வடிகட்டி ஹோமுக்குப் பொருந்தாது, அதைக் கவனியுங்கோ.

பயனர் பெயர் தமிழில வைக்கேலாது. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். காட்சிப் பெயரைத் தமிழில வைக்கலாம். முகப்பையும் தமிழுக்கு மாத்தலாம், ஆனால் இடைக்கிட ஆங்கிலம் எட்டிப் பாக்கும்.

பதிவு 9 | வெட்டிவேர்

பனங்கிழங்கு சொன்ன உருபு விஷயம் வடிகட்டிக்கும் பொருந்தும். "ஃபில்டர்ஸ்" பக்கத்தில் சொல் சேர்க்கும்போது "ஹோல் வேர்டு" என்று ஒரு டிக் இருக்கும். தமிழுக்கு அதை எடுத்துவிடுங்கள். டிக் இருந்தால் "கிரிக்கெட்" என்று போட்டது "கிரிக்கெட்டில்", "கிரிக்கெட்டுக்கு" இரண்டையும் கோட்டைவிடும். எடுத்துவிட்டால் பிடிக்கும்.

"படம்" மாதிரி சொல்லுக்கு அதுவும் போதாது. உருபு ஏறும்போது "படத்தில்", "படத்தை" என்று மகரம் போய்விடுகிறது. "பட" என்று சுருக்கினால் "படகு", "படிப்பு" பக்கம் எல்லாம் கை நீளும், "படி"க்குள் "பட" எழுத்தாக இருக்கிறதே! ஆகவே "படம்", "படத்த" என்று இரண்டு சொல். ஒரே ஃபில்டருக்குள் எத்தனை சொல்லும் சேர்க்கலாம்.

கெடுவும் வைக்கலாம், 30 நிமிஷத்திலிருந்து ஒரு வாரம் வரை. இறுதி ஆட்டம் நடக்கிற அன்று ஸ்கோர் தெரியாமல் இருக்க ஒரு நாள் கெடு போட்டால் மறுநாள் தானாகவே விலகிவிடும். "முழுதும் மறை", "எச்சரிக்கையோடு மறை" என்ற இரண்டில் பின்னதை எடுங்கள், எது மாட்டியது என்று தெரிந்தால்தான் சொல்லைத் திருத்த முடியும்.

பதிவு 10 | மொட்டைமாடி

சரி, பல பத்திக்கு ஒரு வாக்கு போடுகிறேன், ஹேஷ்டேக் பத்திக்காக. ஹேஷ்டேக் ஒன்றைத் திறந்து பின் செய்தபிறகு அமைப்பு ஐகானுக்குள் "கூடுதல் டேக்" என்று ஒரு சுவிட்ச் வரும். மூன்று பெட்டி: இவற்றில் ஏதாவது ஒன்று, இவை எல்லாமே, இவை எதுவும் கூடாது. ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு டேக் வரை. பறவை பார்ப்பவர் "பறவைகள்" பத்தியில் ஆங்கில டேக்கை "ஏதாவது ஒன்று" பெட்டியிலும், செயற்கை அறிவுப் படங்களுக்குப் போடுகிற டேக்கை "கூடாது" பெட்டியிலும் வைத்தால் ஒரே பத்தியில் சுத்தமான ஓடை கிடைக்கும். ஒற்றைப் பத்தி முகப்பில் ஹேஷ்டேக்கைப் பின்தொடரலாம், இந்தக் கூட்டல் கழித்தல் கிடையாது.

ஹோம் பத்தியின் அமைப்பு ஐகானிலும் பூஸ்ட், பதில் இரண்டையும் காட்டு, மறை என்று தனித்தனி சுவிட்ச். பூஸ்ட் வெள்ளமாக வரும் நாளில் அணைத்து வைக்கலாம். ஒரே ஒருவர்தான் தொல்லை என்றால் அவர் புரொஃபைல் மெனுவிலேயே "பூஸ்ட்களை மறை" இருக்கிறது, ஆளை விலக்க வேண்டியதில்லை.

பதிவு 11 | கடலை_மிட்டாய்

தனிச்செய்தி எங்கே அனுப்புவது? ஒருவருக்கு மட்டும் எழுத ஏதாவது பெட்டி இருக்கிறதா?

பதிவு 12 | இரவுப்பறவை

தனிப் பெட்டி கிடையாது, இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். எழுதும் பெட்டியில் யார் பார்க்கலாம் என்ற தேர்வு இருக்கும். பொது, பட்டியலில் வராத பொது, பின்தொடர்பவர் மட்டும், குறிப்பிட்டவர் மட்டும். கடைசியைத் தேர்ந்தால் பதிவுக்குள் யார் பெயரை அட் குறியோடு எழுதுகிறீர்களோ அவர்களுக்குப் போகும். வில்லங்கம் பின்னால் வருகிறது: மூன்றாவது ஆளைப் பற்றிக் குறை சொல்லும்போது அவர் முழு முகவரியை அட் குறியோடு எழுதினால் செய்தி அவருக்கும் போய்ச் சேரும். அட் குறி இல்லாமல் பெயரை மட்டும் எழுதுங்கள்.

இதில் முனைக்கு முனை மறையாக்கம் (என்ட்-டு-என்ட் என்கிரிப்ஷன்) இல்லை. அனுப்புகிற சர்வர், பெறுகிற சர்வர் இரண்டின் தரவுத்தளத்திலும் வாசிக்கத்தக்க எழுத்தாகத்தான் கிடக்கும். கடவுச்சொல், கணக்கு எண், மருத்துவ அறிக்கை எதையும் இதில் அனுப்பக் கூடாது, சிக்னல் மாதிரி மறையாக்கம் உள்ள செயலிக்குப் போங்கள்.

"பின்தொடர்பவர் மட்டும்" என்பதிலும் ஒரு ஓட்டை. யார் வேண்டுமானாலும் உங்களைப் பின்தொடரலாம் என்று விட்டிருந்தால் அந்தப் பூட்டுக்குச் சாவி வாசலிலேயே தொங்குகிறது. பின்தொடர்வதற்கு ஒப்புதல் கேட்கும்படி அமைப்பை மாற்றினால்தான் அதற்கு அர்த்தம்.

பதிவு 13 | பனங்கிழங்கு

வழங்கி மாத்திறதைப் பற்றியும் எழுதிவிடுங்கோ அண்ணை. முதல்ல கண்ணில பட்டதில சேந்துபோட்டு பிறகு யோசிக்கிறவைதான் கனபேர்.

பதிவு 14 | இரவுப்பறவை

முடியும், வரிசை முக்கியம். புதுச் சர்வரில் கணக்குத் தொடங்கி, அங்கே கணக்கு அமைப்பில் "வேறு கணக்கிலிருந்து மாறுதல்" என்பதற்குள் பழைய முகவரியை மாற்றுப்பெயராகச் சேருங்கள். பிறகு பழைய கணக்குக்கு வந்து "வேறு கணக்குக்கு மாறு" என்பதில் புது முகவரியும் பழைய கடவுச்சொல்லும். தலைகீழாகச் செய்தால் பிழை காட்டும், புதுக் கணக்கு "ஆமாம், அது நான்தான்" என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

உங்களைப் பின்தொடர்கிறவர்கள் தாமாக இடம் மாறுவார்கள், சில மணி நேரம் பிடிக்கலாம். நீங்கள் பின்தொடர்கிறவர்கள் மாற மாட்டார்கள். அதைப் பழைய கணக்கில் "இம்போர்ட் அண்டு எக்ஸ்போர்ட்" பக்கத்தில் சிஎஸ்வி கோப்பாக இறக்கி, புதியதில் ஏற்ற வேண்டும். தடை செய்தவர், ஒலியடக்கியவர், புக்மார்க், லிஸ்ட் எல்லாவற்றுக்கும் தனித்தனி கோப்பு. எழுதிய பதிவுகள் பழைய இடத்திலேயே கிடக்கும், நகராது. அவற்றின் காப்பகத்தை ஏழு நாளுக்கு ஒருமுறை கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை மாறினால் அடுத்த மாற்றத்துக்கு 30 நாள் காத்திருப்பு.

இது எல்லாம் பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதுதான். அது மூடிவிட்டால் "நான் மாறிவிட்டேன்" என்று அறிவிக்க ஆளே இல்லை. ஆகவே சேரும்போதே "அபவுட்" பக்கத்தைப் படியுங்கள். யார் நடத்துகிறார், செலவுக்கு என்ன வழி, விதிகள் என்ன, எந்தச் சர்வர்களைத் தடுத்திருக்கிறார் என்பதெல்லாம் அங்கே இருக்கும். அந்தப் பக்கம் காலியாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். மாஸ்டடானின் சொந்த "ஜாயின் மாஸ்டடான்" பக்கத்தில் மொழி, வட்டாரம் வாரியாகச் சர்வர்கள் இருக்கின்றன.

பதிவு 15 | மொட்டைமாடி

வெட்டிவேர், குறுக்குவிசை (கீபோர்டு ஷார்ட்கட்) பட்டியல் எங்கேயோ போட்டிருந்தீர்களே? கேள்விக்குறி விசையை அழுத்தினால் முழுப் பட்டியல் வரும் என்பது தெரியும், அதில் தினம் தேவைப்படுவது எது?

பதிவு 16 | வெட்டிவேர்

ஜே, கே இரண்டும் கீழே, மேலே. 1 முதல் 9 வரை எண் அழுத்தினால் பத்திக்குப் பத்தி தாவும், பல பத்தியின் ருசியே அதில்தான். எஃப் ஃபேவரிட், பி பூஸ்ட், ஆர் பதில், "என்" விசை எழுதும் பெட்டிக்கு, எக்ஸ் எச்சரிக்கைக்குப் பின்னால் இருப்பதைத் திறக்க, எஸ் தேடலுக்கு. ஜியும் அடுத்து எச்சும் அழுத்தினால் ஹோம்.

பதிவு 17 | கடலை_மிட்டாய்

எனக்கு ஒன்றுமே வேலை செய்யவில்லை அண்ணா. ஜே, கே எதுவும் அசையவில்லை.

பதிவு 18 | பனங்கிழங்கு

தமிழ்99 விசைப்பலகை போட்டபடி இருக்கிறீங்களோ தம்பி? அதில ஜே இருக்கிற இடத்தில "ப", கே இடத்தில "ம", எஃப் இடத்தில புள்ளி. உலாவிக்குப் போறது "ப" எண்டுதான், அதுக்கு எந்தக் கட்டளையும் கட்டி வைக்கேல்லை. ஆங்கிலத்துக்கு மாத்திப்போட்டு அழுத்துங்கோ.

பதிவு 19 | கடலை_மிட்டாய்

அதேதான்! மாற்றினேன், ஓடுகிறது. பத்தி 3இல் "பறவைகள்" பின் செய்தாயிற்று, "கூடாது" பெட்டியில் இன்னும் இரண்டு இடம் மிச்சம்.